பக்கத்து வீட்டுக்குப் போன மழை

மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு எறவாரத்தில் நானே ஏணி போட்டு ஏறி, நானே ரசமட்டம் வைத்துப் பார்த்து, நானே திருகாணி முறுக்கி, புத்தம்புதுத் தகரப் பீலி ஒன்றை மாட்டினேன். எங்கள் ஓட்டில் விழுந்த மழையெல்லாம் அதன் வழியாக ஒழுங்காக ஓடி, பக்கத்து வீட்டு டிரம்மில் போய் நிறைந்தது.

தாமிரபரணிக் கரையில் ஒருவன் இதைச் செய்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் செய்தது கோவில்பட்டியில். மேகம் வந்தால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிற ஊர். பாதி மேகம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மீதி பாதியில் ஏதோ நாலு மழை கிடைக்கும். அந்த நாலையும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி அனுப்பிவைக்க ஒரு தனித்திறமை வேண்டும். அது என்னிடம் இருக்கிறது என்று எனக்கே அதுவரை தெரியாது.

எங்களுடையது ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த முகப்பு, கிழக்கு மேற்காக நீளம். ஓட்டுச் சரிவில் இறங்கிவரும் தண்ணீரை விளிம்பிலேயே ஏந்தி ஒரு மூலைக்குக் கொண்டுபோகிற தகர வாய்க்காலைத்தான் பீலி என்போம். மேற்கு மூலையில் சிமெண்டுத் தொட்டி. பீலித் தண்ணீர் அங்கே குழாய் வழியாக இறங்கவேண்டும். கிழக்கு முனையில் எங்கள் சுவரை ஒட்டி, முறைக்கு எனக்கு மதினி ஆகிற ஒரு அம்மாளின் வீட்டு முற்றம். தண்ணீர் போகவேண்டிய திசை மேற்கு. அவ்வளவுதான் விஷயம். ஒரு எறும்புகூட இதைப் புரிந்துகொண்டுவிடும்.

தொட்டி என் வீட்டுக்காரியின் சொத்து. அவள் ஆற்றங்கரைக்காரி. வாய்க்காலில் குளித்து, ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளைக் கரிசலுக்குக் கட்டிக்கொண்டு வந்தேன். வந்த அன்று எங்கள் போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல யாரு உப்பு போட்டா?" என்று கேட்டாள். "உனக்குச் சமையல் வேலை கொறையட்டும்னு பூமாதேவியே போட்டுட்டா" என்றேன். புது மாப்பிள்ளை ஹாஸ்யம். அவள் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு கல்லைப்போலக் கிடக்கும், எத்தனை விசில் விட்டாலும் வேகாது. டீ போட்டால் மேலே ஒரு ஆடை மிதக்கும். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். நகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரோ, வரவேண்டும் என்று அதற்குத் தோன்றினால் வரும்.

அப்படியும் சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள், நான் பீலி மாட்டியதற்கு முந்தின கோடையில் அவளுக்குக் கல்லடைப்பு வரும்வரை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது, வாய் மட்டும் ஓடும். "கல்லு கரிசல்ல கெடைக்காதே, உனக்கு மட்டும் எங்கேருந்து கெடச்சுது?" என்று கேட்டுவைத்தேன். வலியோடு வலியாகச் சிரித்தாள். பிறகு சிரித்ததால் இன்னும் வலித்து அழுதாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டார். டாக்டர், "நல்ல தண்ணியா நெறையக் குடிங்கம்மா" என்றார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நல்ல தண்ணிக்கு நான் எங்க போக?"

கேன் தண்ணீர் வாங்கிப் பார்த்தோம். "பிளாஸ்டிக்க ஊறவச்சுக் குடிக்க மாதிரி இருக்கு" என்றாள். கடைசியில் தொட்டியைக் காட்டி ஒரு முடிவு சொன்னாள்.

"ஐப்பசி கார்த்திகைக்குள்ள இது நெறையணும். நெறஞ்சா குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் கோடை வரைக்கும் கை கடிக்காம ஓட்டிருவேன். நெறையலைன்னா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன். ஆத்துல தண்ணி இருக்கு. நீங்க இங்கன இருந்து உங்க உப்புத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு ஜோக்கு சொல்லிக்கிட்டு இருங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் வெந்நீர். அதுவும் எங்கள் போர் தண்ணீரில் வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு பூச்சு நிற்கும்.

தொட்டி நிறையவேண்டுமானால் பீலி சரியாக இருக்கவேண்டும். பழைய பீலியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. வருடாவருடம் நான் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தேன். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன். தார் பூசியிருக்கிறேன். போன தடவை, யாரோ வீட்டுக் காதணி விழாவுக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனரைக் கிழித்து உள்ளே விரித்துவிட்டிருந்தேன். தாய்மாமன் ஒருவர் கும்பிட்டபடி சிரிக்கும் படம். மழை பெய்தபோது ஒரு ஓட்டை சரியாக அவர் மீசைக்குக் கீழே விழுந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் தலையிலெல்லாம் அவர் வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்தார். "வாரவியளுக்கு நல்ல மரியாத" என்றாள் வீட்டுக்காரி.

அதனால் புதிதாகவே மாட்டுவது என்று முடிவாயிற்று. மார்க்கெட் பக்கம் தகரக்கடை வைத்திருக்கும் பாய் எனக்கு நெடுநாள் பழக்கம். தகடு வளைத்துப் பீலி செய்து தந்தார்.

"மாட்ட ஆளு அனுப்பட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம் பாய். நானே மாட்டிருவேன்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டம்மாட்ட கேட்டீங்களா?"

"அவ என்ன சொல்லப் போறா?"

"அதான் கேக்கேன்."

வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். பீலித் துண்டுகள் முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருந்தன. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் எதிரே வந்த ஆட்டோக்காரர் எங்கள் டிரைவரைப் பார்த்து, "ஏலே, ராக்கெட்டு எங்கன விடுத?" என்று கத்தினார். நான் பெருமையோடு கை காட்டினேன்.

எனக்கு ஏன் அத்தனை தைரியம் என்றால், நான் நூல் ஆலையில் வேலை பார்த்தவன். நூலின் கனத்தை அளந்து, தடிமன் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்கிற பிரிவு. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தையெல்லாம் அளந்து சம்பளம் வாங்கியவனுக்கு, ஒரு தகரத்தைச் சாய்த்து மாட்டுவதா பெரிய காரியம்? ரசமட்டம் ஒன்று வாங்கினேன். மஞ்சள் நிறம், நடுவில் கண்ணாடிக்குள் ஒரு குமிழி. அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தெருவில் நடந்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. போனில் ஒரு வெள்ளைக்காரர் பீலி மாட்டும் படத்தை மூன்று தடவை பார்த்தேன். அதிகம் சாய்க்காதே, பார்க்க அசிங்கமாக இருக்கும், லேசாகச் சாய்த்தால் போதும், தண்ணீர் தானே போகும் என்று அவர் செய்து காட்டினார். அது என் மனதுக்குப் பிடித்துவிட்டது. தெருவில் போகிறவன் பார்த்து, "என்ன, பீலி கோணலா இருக்கு?" என்று கேட்டுவிடக் கூடாதே.

"கோணலா இருந்தா இருக்கட்டும். தண்ணி வந்தாச் சரி" என்றாள் வீட்டுக்காரி, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"உனக்கு இதெல்லாம் புரியாது. இதுக்குப் பேருதான் கணக்கு."

ஆடிக் காற்றில் தகரத்தைத் தூக்கினால் நானும் சேர்ந்து பறந்துவிடுவேன் என்பதால், காற்று அடங்கட்டும் என்று ஆவணியில் வேலை தொடங்கினேன். கிழக்கு முனையைவிட மேற்கு முனை ஒரு விரற்கடை தாழ்வு. அதற்கு மேல் ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிழக்கு முனையைத் தகரத்தால் மூடினேன். மூட்டுகளுக்கு ரிவிட் அடித்தேன், தார் தடவினேன். கீழே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், கோடு கிழித்ததுபோல் நேராக இருந்தது.

சோதனை செய்யவேண்டுமே. உப்புத் தண்ணீரை ஊற்றினால் புதுத் தகரம் துருப்பிடிக்கும் என்று, அடுக்களையில் இருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். நகராட்சித் தண்ணீர் வந்து நெடுநாள் ஆகியிருந்தது. அவள் பார்ப்பதற்குள் பாதிக் குடம் பீலியில் ஓடிக்கொண்டிருந்தது. கத்த வாயெடுத்தவள், மேற்கு மூலையில் குழாய் வழியாகக் கலகலவென்று தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றாள்.

"வருதே" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் ஆயிரம் பீலி மாட்டுவேன். உடனே கிழக்குப் பக்கம் எட்டி மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மதினி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். வாயில் தீக்குச்சி மருந்து தடவிய மாதிரிதான், உரசினால் போதும். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு கொழுந்தனாரே. துணி காயப் போட்டுக்கிடலாமா?"

"பொறாமைப்படாதீங்க மதினி. உங்களுக்கும் ஒண்ணு மாட்டித் தாரேன்."

"முதல்ல மழை வரட்டும். அதுக்கும் நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும் போலிருக்கு."

மழை வந்தது. புரட்டாசிக் கடைசியில் இரண்டு சின்ன மழை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்க மாட்டோம். கோடை முழுவதும் ஓட்டில் சேர்ந்த தூசி, பறவை எச்சம், காய்ந்த இலை எல்லாம் அதில் வரும். ஓட்டைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று வெளியே விட்டுவிடுவோம். நானும் தொட்டிக்குப் போகிற குழாயைத் திருப்பி, மேற்கு மூலைச் சுவரோரமாக மண்ணில் விட்டேன். அவள் ரொம்பச் சுத்தக்காரி. "இன்னொரு மழையும் போகட்டும், தார் வாடை வருது" என்றாள். அதையும் அங்கேயே விட்டேன். அது போதாதென்று, தூறல் வந்தபோதெல்லாம் அழுக்கு இருக்கும் என்று அங்கேயே திருப்பினேன். சுவரோரத்துக் கரிசலில் என் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு. எவ்வளவு தண்ணீர் போனாலும் ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை. "குடிக்கு பாரு, பிள்ளத்தாச்சி மாதிரி" என்று வெடிப்பைப் பார்த்து ரசித்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி பிறந்து முதல் நல்ல மழை. குழாயைத் தொட்டிக்குத் திருப்பினோம். குழாய் வாயில் வெள்ளை வேட்டித் துணி கட்டி வடிகட்டி. தண்ணீர் வந்தது. ஆனால் ஏதோ சோம்பலாக வந்தது. பெய்த மழைக்குத் தொட்டியில் கால்பங்குகூட ஏறவில்லை. "மழை போதாது" என்று மழைமேல் பழி போட்டேன். அதே வாரம் முன்கதவு நிலையில் இறுகிக்கொண்டது. தோளால் முட்டித் திறந்தேன். மழைக்காலத்தில் கரிசல் ஊரில் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு கதவு இறுகும், கோடையில் லேசாகும். அதை ஒரு விஷயமாகவே யாரும் நினைப்பதில்லை. நானும் கதவைத் திட்டிவிட்டுப் போய்விட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், தூத்துக்குடிப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து ஊற்றியது பாருங்கள், ஒரு மழை. அப்படி ஒன்று வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தொட்டி வாயருகே ஓடினோம். மேலே ஓட்டிலிருந்து அருவி மாதிரி பீலியில் விழுகிறது. கீழே குழாயில் ஒரு சொட்டு இல்லை. குழாயைத் தட்டினேன். வாயை வைத்து ஊதினேன். அடைத்துக்கொண்டது என்று ஒரு கம்பியை விட்டுக் குத்தினேன். ஒன்றுமில்லை.

"எங்க போகுது இவ்வளவு தண்ணியும்?" என்றாள் அவள்.

அப்போதுதான் கிழக்கே அந்தச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம். ஓடிப்போய்ச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நான் தகரத்தால் மூடிய கிழக்கு முனையைத் தாண்டிக்கொண்டு, தடியாக, பளபளவென்று, எங்கள் மழை மதினி முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மதினி நீல டிரம்மை வைத்திருந்தார். அது நிறைந்து, அண்டா வைத்து, அதுவும் நிறைந்து, இப்போது குடங்களை வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"மதினி! அது எங்க மழை!"

"உங்க பேரு எழுதியிருக்கா கொழுந்தனாரே? எங்க வாசல்ல விழுது."

"எங்க ஓட்டுல விழுந்தது!"

"விழுந்தது அங்கன நிக்காம ஏன் இங்கன வருது? மரியாத தெரிஞ்ச மழை. மதினி வீட்டுக்கு வருது."

மழை நின்றதும் அவர் வீட்டு சிமெண்டு முற்றத்தில் ஏணியை வைத்து ஏறினேன். ரசமட்டத்தைப் பீலி விளிம்பில் வைத்தேன். குமிழி, போகவேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ரசமட்டம் கெட்டுவிட்டது என்று அதை இரண்டு தட்டுத் தட்டினேன். திருப்பி வைத்தேன். குமிழி அசையவில்லை. தலையைத் தூக்கி வீட்டை நீளவாக்கில் பார்த்தேன். மேற்கு மூலை எழுந்திருந்தது.

கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கோடையில் வெடித்து இறங்கும், மழையில் உப்பி ஏறும், மேலே இருக்கிற வீடும் கூடவே இறங்கி ஏறும். அதனால்தான் கதவு இறுகுகிறது. ஆனால் பீலி மாட்டியிருக்கிறதே, அது அதே வீட்டில்தான் மாட்டியிருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கோடையில் இறங்கிக் கிடந்த வீட்டில், நூல் பிசகாமல் ஒரு விரற்கடை சாய்த்து மாட்டினேன். அப்புறம் ஓட்டைக் கழுவுகிறேன் என்று ஒரே மூலைக்கு மழை மழையாகக் குடிக்கக் கொடுத்தேன். கிழக்கே மதினி முற்றத்து சிமெண்டுக்கு அடியில் மண் நனையவில்லை, அது கிடந்த இடத்தில் கிடந்தது. மேற்கே மண் உப்பி, என் விரற்கடையையும் தாண்டி மூலையைத் தூக்கிவிட்டது. நூலின் கனத்தை அளந்தவன், வீடே எழுந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டார். இரண்டு தடவை இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் என்று நினைக்கிறேன்.

"மழைக்குள்ள ஏணியில ஏற ஆளு வராது அண்ணாச்சி. ரெண்டு வாரம் நல்லா வெயிலடிக்கட்டும், ஆளு அனுப்புதேன்."

"வெயிலடிச்சா மண்ணு இறங்கிரும் பாய். பீலி தானாச் சரியாயிரும்."

"அப்போ மழை இல்லாதப்போ கரெக்டா வேல செய்யும்ங்கீங்க."

"ஆமா."

"அப்பொறம் என்னத்துக்குப் போன் போட்டீங்க?"

வீட்டுக்காரி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தொட்டி மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தாள். மூடினாள். மதினி இரண்டு குடம் தண்ணீரைச் சுவர்மேல் வைத்து, "எடுத்துக்கோ தாயி, உங்க வீட்டுத் தண்ணிதான்" என்றார். இவள் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அன்று பருப்பு நன்றாக வெந்தது. அதைச் சாப்பிடும்போது யாரும் எதுவும் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு எழுந்தவள், "இன்னும் ஒரு மழை வந்தா அதிகம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு மழை வருவதற்குள் கிழக்கு முனையைத் தூக்கி மாட்டிவிடுவது என்று கிளம்பினேன். மேற்குப் பக்கம் ஏணி வைக்க வழியில்லை, சேற்றில் ஏணிக்கால் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. மதினி முற்றம்தான் கதி. ஒரு மத்தியானம் அங்கே ஏறி, கிழக்குக் கோடியில் பீலியைப் பிடித்திருந்த கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பேரன் காலம் வரை நிற்கட்டும் என்று நானே முறுக்கியவை. கழற்றுவதற்குள் கை கொப்பளித்துவிட்டது. கடைசிக் கிளாம்பைக் கழற்றியதும் பீலியின் முனை தொங்கிக்கொண்டது. இனி உயர்த்தி மாட்டவேண்டியதுதான் பாக்கி. திருகாணிக்காகப் பையில் கையை விட்டேன். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். நான் கிளாம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மேகம் என் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது.

"இறங்குங்க கொழுந்தனாரே!" மதினி கத்தினார். "இடி இடிக்குது. ஏணியிலேருந்து எங்க முத்தத்துல விழுந்து வச்சீங்கன்னா நாந்தான் பதில் சொல்லணும்!"

"முனை தொங்குது மதினி! எல்லாத் தண்ணியும் இங்கன வந்திரும்!"

"வரட்டுமே. டிரம்மு காலியாத்தான் இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி மூடியை இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் வந்து நின்றுவிட்டாள். நான் இறங்கினேன். முற்றத்தில், துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கவைக்கம்பு கண்ணில் பட்டது. உருவிக்கொண்டு வந்து, கவையைப் பீலி முனைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். கம்பு எட்டவில்லை. என் தலைக்கு மேலே இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தால்தான் முனை ஏறியது.

"மதினி, அந்த டிரம்மைக் கவுத்துத் தாங்க. கம்ப அது மேல ஊனிக்கிடுதேன்."

"கவுத்திட்டா எதுல பிடிக்க?"

"எதைப் பிடிக்க? இந்த மழை எங்களுக்கு!"

"நீங்க எவ்வளவு நேரம் தூக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, டிரம்மை என் கால் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அவர் பாட்டுக்குக் கதவோரம் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

மழை இறங்கியது. பீலிக்குள் தண்ணீர் ஓடும் அதிர்வு கம்பு வழியாக என் கைக்கு வந்தது. இந்த முறை அது என்னைவிட்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மேற்கே தொட்டிக்குள் தடதடவென்று விழும் சத்தம்.

"வருது!" என்று சுவருக்கு அப்பாலிருந்து அவள் கத்தினாள். "நல்லா வருது!"

சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. கண்ணுக்குள் தண்ணீர். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். குடைக்கு அடியிலிருந்து ஒருவர், "என்ன அண்ணாச்சி, சாமி தூக்குதீங்களா?" என்றார். "ஆமா, எங்க வீட்டுச் சாமி மலையேறிரக் கூடாதுன்னு தூக்குதேன்" என்றேன். பேசியதில் கை ஒரு சாண் இறங்கிவிட்டது. உடனே ஒரு வாளி அளவுக்குத் தண்ணீர் என் தலையில் விழுந்து, அப்படியே டிரம்முக்குள் போனது.

"நன்றி கொழுந்தனாரே" என்றார் மதினி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இன்னும் கொஞ்சம் பேசுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். தோள்பட்டை இரண்டும் என்னுடையவை அல்ல என்று ஆகிவிட்டது. மழையும் விடுவதாக இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் சுருண்டு கிடந்தவளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் ஜோக்கு சொல்லாமல் சும்மா நின்றிருக்கலாம் அன்றைக்கு. கையை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினேன்.

"எவ்வளவு இருக்கு?" என்று கத்தினேன்.

"பாதி தாண்டிட்டு!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கத்தினேன். "இப்போ?"

"இன்னும் ரெண்டு சாண்!"

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மனசு நிறைந்தால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"ஏட்டி! இந்தக் கோவில்பட்டியில எந்தப் புருசனாவது பொண்டாட்டிக்காக மழையையே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுருக்கானா, சொல்லு பாப்போம்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"கையை எறக்காதீங்க."